அஞ்சடியில் இருக்கிறது

ஜோசப்ராஜ் இருந்த வரைக்கும், ஈஸ்டர் பூசை முடிந்ததும் லிங்கித் தோட்டத்து வீட்டில் புதையல் வேட்டை நடத்துவது அவர் வேலை. பின்பக்கம் முழுக்கக் குறிப்புச் சீட்டுகளை ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார். அவர் இறந்தபின் வந்த முதல் ஈஸ்டரில் அந்த வேலையை அவர் மனைவி டோரின் எடுத்துக்கொண்டாள். டவுன் பக்கம் பாரோயிலிருந்து தங்கை ரோஸ்லின் போனில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "இந்த வருசம் சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போறோம்க்கா." டோரின் கேட்கவில்லை. தங்கை பிள்ளைகள் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, ஓடித் திரிந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

முதல் சீட்டைக் கோழிக்கூண்டில் செருகினாள். அடுத்ததைப் பப்பாளி மரத்தில் கட்டினாள். கடைசிச் சீட்டில் இப்படி எழுதினாள்: 'அஞ்சடியில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடு.' வீட்டின் முன்தாழ்வாரத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அஞ்சடி என்றுதான் சொல்வார்கள். அங்கே செருப்பு அலமாரிக்கு அடியில், பிஸ்கட் டின் நிறைய சாக்லெட் முட்டை வைத்திருந்தாள்.

முந்தின நாள் நல்ல மழை. வேலிக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுத் தண்ணீர் வடிவதற்கு வெட்டிய பெரிய கான் செம்மண் கலங்கி நிரம்பி ஓடியது. காரைவிட்டு இறங்கியதுமே ரோஸ்லின் மகனிடம் விரலை நீட்டினாள்.

"கிளென், அந்தக் கான் பக்கம் போன, கால ஒடச்சிடுவேன். அஞ்சடி ஆழம். முங்கிப்போவ."

"எனக்கு நீச்சல் தெரியும்லா." கிளென் இந்த வருசம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான்.

"ஆமா, பக்கெட்டுக்குள்ள," என்றாள் அவன் அக்காள் பெவர்லி.

டோரின் அடுப்படியில் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டே பின்பக்கத்துக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோழிகள் பதறின. பப்பாளி மரத்தடியில் சண்டை நடந்தது. பிறகு சத்தம் அடங்கியது. இனி முன்பக்கம் ஓடிவருவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒருவரும் ஓடிவரவில்லை. எட்டிப் பார்த்தபோது, பெவர்லி மட்டும் பின்வாசற்படியில் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி எங்கம்மா?"

"தெரியல பெரியம்மா. கடைசிச் சீட்டு அவனுக்குத்தான் கெடைச்சிச்சி. அஞ்சடின்னா என்னான்னு கேட்டான். ஃபைவ் ஃபீட்லா, இதுகூட தெரியாதான்னு சொன்னேன். ஓடிட்டான்."

டோரின் வேலியைப் பார்த்துப் பாய்ந்தாள். கரண்டியை எங்கே போட்டாள் என்று தெரியாது. வேலிக் கம்பி ஓரிடத்தில் தூக்கி வளைக்கப்பட்டிருந்தது. சட்டை கிழிய நுழைந்து கரைக்கு ஓடினாள்.

கரையில் இரண்டு நீலச் செருப்புகள். பள்ளிக்கூட வாசலில் விடுவதுபோல் ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில்.

செருப்பைக் கழற்றச் சொன்னது அவள்தான்.

டோரினுக்கு நீச்சல் தெரியாது. அதை அவள் யோசித்தபோது தண்ணீர் மார்பு வரைக்கும் ஏறியிருந்தது. காலால் துழாவினாள். மட்டை ஒன்று முழங்காலைக் கிழித்தது. மெத்தென்று ஏதோ காலில் தட்டியது. மூச்சைப் பிடித்துக் குனிந்து இழுத்தாள். உரச்சாக்கு. அதை வீசிவிட்டு மறுபடி துழாவினாள்.

கரைமேல் ரோஸ்லின் வந்து நின்றாள். செருப்புகளைப் பார்த்தாள். அக்காளைப் பார்த்தாள்.

"எங்கக்கா எம்புள்ள?"

டோரின் இன்னும் ஆழத்துக்கு நகர்ந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. ரோஸ்லின் அலறிக்கொண்டே தானும் இறங்க ஒரு காலை வைத்தாள்.

"பெரியம்மா! அது என்னோடது! நீங்க எடுக்கக் கூடாது!"

குரல் செம்பனை வரிசைக்குள்ளிருந்து வந்தது. வெறுங்காலோடு கிளென் குதித்துக் குதித்து ஓடிவந்தான். பின்னால், பக்கத்து வீட்டுச் சன்னாசி குலை வெட்டும் நீளக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கத்தி அலகைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"என்னாம்மா டோரின், மீனா புடிக்கிற? நீளக் குச்சி வேணும்னு இவன் என் வூட்டு வாசல்ல வந்து நிக்கிறான். எதுக்குடான்னா சீக்ரெட்டாம்..." ரோஸ்லினின் முகத்தைப் பார்த்ததும் சன்னாசி பேச்சை நிறுத்தினார். கழியைத் தண்ணீருக்குள் நீட்டி, டோரினைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தார்.

"நீ தண்ணியில எறங்கலியாடா?" ரோஸ்லின் அவன் காற்சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்கதானே முங்கிப்போவன்னு சொன்னீங்க? அதான் குச்சி."

கரையேறிய டோரின் எட்டிக் கிளெனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பெவர்லி தள்ளி நின்று அழுதாள். சன்னாசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குது பெரியம்மா."

விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்கள் கேட்கவில்லை. ரோஸ்லின் சேற்றில் மண்டியிட்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "விடுக்கா. இங்கதானே நிக்கிறான். விடு."

ஆஸ்பத்திரியில் ஜோசப்ராஜின் கையிலிருந்தும் ஒரு தாதி அவள் விரல்களை இப்படித்தான் பிரித்தெடுத்தாள். இந்தக் கை சூடாக இருந்தது. பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது. கடைசி விரலும் விட்டதும் ஓடியேவிட்டது.