மண்ணரையில் சாமியப்பன் விழுங்கிய நூல்

2003ஆம் வருடம் தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு, மடத்துக்குளம் சாமியப்பன் திருப்பூர் மண்ணரையில் மகன் வீட்டில் சாப்பிடும்போது ஒரு முழம் நூலை விழுங்கினார். அதற்குப் பிறகு அவரால் திருப்பூரை விட்டுப் போக முடியவில்லை. அன்று சாயங்காலமே உடுமலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தார். வீரபாண்டி பிரிவு தாண்டியதும் வயிற்றுக்குள் யாரோ சுண்டியது போலிருந்தது. பஸ் முன்னால் போயிற்று, அவர் பின்னால் போனார். உட்கார்ந்த வாக்கிலேயே எழும்பி, சீட்டுகளுக்கு மேலாக மிதந்து, பின்படிக்கட்டு வழியாக வெளியே வந்து ரோட்டோரம் நின்றார். செருப்புகூடக் கழலவில்லை. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க பெரியவரே, எறங்கறதுன்னா ஒரு வார்த்தை சொல்றதில்லீங்களா?" என்று கேட்டார். மறுநாள் அவினாசி வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். பூண்டியைத் தாண்டவில்லை.

நூலைக் கட்டியது அவருடைய மருமகள் பிரிசில்லா. மருமகள் என்று அதுவரை அவர் சொன்னதில்லை. அவள் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சாம்பிள் டெய்லர். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அருள்குமாரைக் கட்டிக்கொண்டாள். மாமியார் மாரக்காள், அந்தப் புள்ளை என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.  மாமியார் தன் வாயால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அன்றைக்கே போவேன், கூப்பிடாமல் போகமாட்டேன் என்று பிரிசில்லா புருஷனிடம் மட்டும் சொன்னாள். அப்படியே வருடங்கள் போயின.

விழுங்கிய நூல் கறியைக் கட்டிய நூல். அந்தக் கறி இத்தாலிக்காரர்களுடையது. கம்பெனிச் சரக்கைச் சோதிக்க வந்த ஜியோவன்னா என்ற அம்மாள், ஹோட்டல் சாப்பாடு அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு துண்டு சீஸோடு மண்ணரைக்கு வந்து பிரிசில்லாவின் அடுப்பை இரவல் கேட்டாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. கறியை அகலமாக, மெல்லிசாக அரிந்து, அதன்மேல் பூண்டு, தழை, ரொட்டித்தூள், சீஸ், உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் பரப்பி, பாய் போலச் சுருட்டி, நூலால் கட்டி, எண்ணெயில் புரட்டி, தக்காளிச் சாற்றில் மூழ்கவிட்டு அரை நாள் சிறு தீயில் வைத்தாள். அவள் ஒரு சுருள் செய்து காட்டினாள். பிரிசில்லா அதே அளவில், அதே கட்டில் மீதியைச் செய்து முடித்தாள். சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் சாம்பிளைப் பார்த்து அப்படியே தைப்பவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஜியோவன்னா ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் போய்த் திரும்பி நின்று அழுதாள் என்று தெருவில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அவள் ஊருக்குப் போய்விட்டாள். கறி இங்கேயே தங்கிவிட்டது. கொத்தமல்லித் தழையும் ரஸ்க் தூளும் முந்திரியும் கடலை எண்ணெயும் சேர்ந்து அது மண்ணரைக் கறி ஆனது. தெரு அதற்குக் கட்டுக்கறி என்று பேர் வைத்தது. மிளகாயும் தேங்காயும் இல்லாத குழம்பா என்று முதலில் முகம் சுளித்தவர்கள்தான் பிறகு கிண்ணத்தோடு வந்தார்கள்.

அருள்குமாருக்கும் அதில் பங்குண்டு. பின்னிய துணியை வந்ததும் வெட்டினால் தைத்த பிறகு சுருங்கும். ஒரு பொழுது விரித்து ஆறவிட வேண்டும். அவன் ஆட்டுத் தொடைக்கறியையும் அப்படித்தான் நடத்தினான். தட்டிப் பரப்பி, ஈரத்துணி போட்டு ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் அளவுக்கு வெட்டுவான். கறிக்கடை தவசியிடம் போய், துணியின் கனத்தைச் சொல்கிற கணக்கிலேயே, "ஓரம் நூத்தியெம்பது ஜிஎஸ்எம் வருதுங்க, நடுவுல எரநூறு தாண்டுதுங்க" என்பான். "உங்களுக்குக் கறி போடோணும்னா நான் இனி டிப்ளமா படிக்கோணுமுங்க மாஸ்டர்" என்பார் தவசி. ஆனாலும் மெல்லிசாக அரிந்து தருவார்.

அந்தத் தை ஞாயிற்றுக்கிழமை சாமியப்பன் மகனைக் கையோடு கூட்டிப்போக வந்தார். மகனை மட்டும். மழை பொய்த்து, கிணறு வற்றி, தென்னை தலை தொங்கி நின்ற வருடம் அது. மாரக்காள் அனுப்பியிருந்தாள். முதல் தடவையாக மாமனார் படியேறி வருவதைப் பார்த்த பிரிசில்லா, கட்டுக்கறி குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். எப்போதும் வெள்ளை நூலால் கட்டுகிறவள், அன்றைக்குச் சாம்பிள் ரூம் புத்தியில் ஒரு காரியம் செய்தாள். நூல் துணியோடு ஒத்துப்போக வேண்டும், தையல் கண்ணில் படக்கூடாது என்பது தொழில். தக்காளிச் சாற்றை ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து, அதற்குச் சரியாக ஒத்த சிவப்பில் ஒரு பருத்தி நூல்கண்டைத் தேர்ந்தெடுத்தாள். நிறம் அப்படி ஒத்தது. பரிமாறுமுன் அவிழ்க்கும்போது ஒரு நூல் அவள் கண்ணுக்கே தெரியவில்லை.

தண்ணீர் மட்டும் போதும் என்றுதான் சாமியப்பன் சொன்னார். காலையிலிருந்து கொதித்த சாறு வீட்டுக்குள் வேறு காற்றுக்கு இடம் வைக்கவில்லை. உட்கார்ந்தார். ஒரு சுருளைப் பிட்டார். உள்ளே அடுக்கடுக்காக இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டு காலியாகும்வரை அவர் நிமிரவில்லை. மகனிடம் கேட்க வந்ததைக் கேட்காமலே கை கழுவினார். அவிழ்த்த நூல்களை எண்ணிப் பார்த்த பிரிசில்லா அவர் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

"மாமா, ஒரு நூல் கொறையுது."

"நூலுதான? போனாப் போச்சாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அது போகவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பருத்தி நூல் படத்தில் தெரியாது. நூலை வெட்டலாம் என்றால் வெளியே எதுவும் இல்லை. புருஷன் வரவில்லை என்று மாரக்காள் புறப்பட்டு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. எதிரில் டீக்கடையோரம் நின்றுகொண்டு, "மவனைக் கட்டுனது பத்தாதுன்னு அப்பனையும் கட்டிப்போட்டுட்டா. மருந்து வெச்சுட்டாளுங்க!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். சோற்றில் வசிய மருந்து வைத்தவள் என்ற பேர் ஒரு பெண்ணுக்கு வந்தால் அது லேசில் போகாது. பிரிசில்லா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மாரக்காளே தாராபுரம் பக்கத்திலிருந்து மருந்தெடுக்கிற ஆறுச்சாமியைக் கூட்டிவந்தாள். ஆறுச்சாமி டீக்கடை பெஞ்சில் சாமியப்பனைப் படுக்கவைத்து, வயிற்றில் வெற்றிலையும் எண்ணெயும் வைத்து நீவி, வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "இது மருந்தில்லீங்க. சமையலு" என்றார். போகும்போது பிரிசில்லாவின் வாசலில் நின்று, தக்காளியை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

மருந்தில்லை என்று ஆனது. ஆனாலும் மாரக்காள் படியேறவில்லை. நூலின் மறுமுனை எங்கே என்பது அந்த ஆனி மாதம்தான் தெரிந்தது. அவசர ஆர்டருக்காகக் கம்பெனி வேன் பிரிசில்லாவைப் பெருமாநல்லூர் யூனிட்டுக்குக் கொண்டுபோனது. மண்ணரையில் தாடி மழித்துக்கொண்டிருந்த சாமியப்பன், பாதித் தாடியோடு எழுந்து, சோப்பு நுரை காற்றில் பறக்க, வேன் போன வழியே போனார். நடக்கவில்லை; தரையை ஒட்டிக் கொஞ்சம் உயரத்தில், நின்ற வாக்கில் போனார். கட்டிய கையோடுதான் கட்டு இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்படியென்றால் அவளையும் மடத்துக்குளத்துக்குக் கூட்டிப்போனால் தீர்ந்தது என்று தெரு சொன்னது. புருஷனைப் பார்க்க வந்திருந்த மாரக்காள் அது காதில் விழாதவள் போல உடுமலை பஸ்ஸுக்குப் போனாள்.

பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. மழை பெய்து கிணறு ஊறியது. மாரக்காள் ஆள் வைத்துத் தக்காளி போட்டாள். விலை விழுந்த வருடம் மடத்துக்குளத்துக்காரர்கள் தக்காளியை ரோட்டில் கொட்டினார்கள். அவள் மட்டும் ஒரு கூடையைப் பஸ்ஸில் ஏற்றி வந்து டீக்கடையில் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது எந்தச் சட்டிக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் விலை ஏறியபோதும் கூடை வந்தது. சாமியப்பன் காம்புப் பக்கம் அழுத்திப் பார்த்து, சாற்றுக்கு ஆகும், ரசத்துக்கு ஆகும் என்று பிரித்துவைப்பார். பிரிசில்லாவை அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்கு எதிரே உட்கார்ந்து, "கை இருக்குது பாரு அம்மணி உனக்கு, அதை மிஷின்ல வெச்சு வீணாக்கறயே" என்பார்.

பருத்தி நூல் நனைய நனையச் சுருங்கும். அதற்கு ஒதுக்கீடு விட்டுத்தான் வெட்டுவார்கள். இதற்கு யாரும் விடவில்லை. வீரபாண்டி பிரிவுவரை போனவருக்கு அடுத்த வருடம் நொய்யல் பாலம்தான் எல்லை. 2007இல் அது வீட்டு வாசல்படியாகிவிட்டது. பிரிசில்லா கம்பெனிக்குப் போனால் அவரும் வேனில் ஏறினார். சாம்பிள் ரூம் வாசலில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். புதிதாக வந்தவர்கள் கேட்டால், "அவரு பிரிசில்லாக்கா மாமனாருங்க, நூல்ல இருக்கறாரு" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அந்த ஆவணியில் அருள்குமாரின் தங்கை பூங்குழலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு மடத்துக்குளம். பெண்ணுக்கு அப்பன் பந்தலில் நிற்க வேண்டும். அப்பன் நிற்க வேண்டுமென்றால் பிரிசில்லா அந்தத் தெருவிலல்ல, அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். மாமியார் கூப்பிடாமல் பிரிசில்லா போகமாட்டாள். ஆனாலும் கல்யாணத்துக்கென்று ஒரு பச்சைச் சேலை வாங்கி, கவரைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, மாரக்காள் டீக்கடையோரம் வந்து நின்றாள். சாமியப்பன் வாசலிலிருந்தே பேசினார்.

"அம்மணி வந்தா நான் வாரன். இல்லீன்னா போட்டோ வெச்சுக்கங்க."

"உசுரோட இருக்கறவனுக்குப் போட்டோவா? வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

"அப்பறம் நீயே கூப்புடு."

மாரக்காள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து படியேறினாள். பிரிசில்லா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். "வாங்க அத்தை" என்றாள். பாயை விரித்தாள். தட்டில் ஒரு சுருளை வைத்து, சாற்றை ஊற்றி, முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றாள். 

மாரக்காள் பிட்டு வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். புருஷனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள். தட்டில் ஒட்டியிருந்த சாற்றை விரலால் வழித்தாள்.  கடைசியில், தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"மாப்பிள்ளைக்குக் கறிவிருந்து போடோணும். நம்மூட்டு வெறகடுப்புல இது வேகுமா, கண்ணு?"