யாவ் சார்போங்கின் சனிக்கிழமை மழை

லாரி நிலையத்துக்குப் புதுக் கூரை போட்ட வருஷத்திலிருந்து அபுரோசோவில் சனிக்கிழமை மழை ஊருக்குப் பெய்வதில்லை, யாவ் சார்போங்குக்குத்தான் பெய்கிறது. காலை பத்து மணிக்குத் தொடங்கும், மாலை நாலு மணிக்கு நிற்கும். அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே, இரண்டு முற்றம் அளவுக்கு விழும். அந்த எல்லைக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரியின் மிளகாய் பாயில் மொறமொறவென்று காய்ந்துகொண்டிருக்கும். மற்ற ஆறு நாளும் மழை எல்லார் மேலும் ஒரே மாதிரி, பருவத்துக்குத் தகுந்தபடி பெய்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் சனிக்கிழமை மழை வந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஏன் அறுபத்து மூன்றில் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மேலே இருப்பவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை இருக்கலாம்.

சார்போங் இதை நம்பவில்லை. அவர் எதையுமே சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. கோக்கோ நிறுக்கும் தராசை நம்பமாட்டார், பாதிரியாரை நம்பமாட்டார், மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதுவது எழுத்துதான் என்பதையே நம்பமாட்டார். மழை தன்னைத் தேடி வரவில்லை, மழை பெய்கிற இடமாகப் பார்த்துத் தான்தான் போய்த் தொலைவதாகச் சொன்னார். அதை நிரூபிக்க ஒரு சனிக்கிழமை குமாசி நகரத்துக்கு லாரி ஏறினார். மேகம் லாரியோடு வந்தது. கூரைமேல் கட்டியிருந்த பதினெட்டுக் கூடை கருவாடும் மறுபடி மீனாகிவிடும் போல ஊறியதும் டிரைவர் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். அவர் நாலு மணி நேரம் நடந்தே திரும்பினார், நனைந்துகொண்டு. தலைநகர் அக்ராவிலிருந்து வானிலைக்காரர் ஒருவர் ஒரு தகரக் குவளையும் கண்ணாடிக் குழாயும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நாள் முழுவதும் நின்று அளந்தார். அளந்து எழுதிக்கொண்டார், சோறு சாப்பிட்டார், போனார். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சார்போங்குக்குத் திருப்தி. படித்தவன் இப்படித்தான் செய்வான் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார்.

ஊர் பழகிக்கொண்டது. இங்கே சாவுச் சடங்கு சனிக்கிழமை, கல்யாணம் சனிக்கிழமை, பந்தாட்டம் சனிக்கிழமை, எல்லாம் திறந்த வெளியில். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் உள்ளூர் வானொலியில் ஃபெலிஷியா என்ற பெண் வார இறுதி வானிலை வாசிக்கும்போது கோழி கூடச் சத்தம் போடாது. சில இடங்களில் மழை பெய்யலாம் என்று அக்ராவிலிருந்து வருவதை அவள் வேகமாக வாசித்து முடிப்பாள். அதை யாரும் கேட்பதில்லை. பிறகு நிதானமாக, சனிக்கிழமை யாவ் சார்போங் எங்கே இருப்பார் என்று வாசிப்பாள். அதைக் கேட்டுத்தான் பந்தல் கட்டுகிறவன் பந்தலுக்குக் குழி தோண்டுவான், மணப்பெண் துணி தேர்ந்தெடுப்பாள். சாவு வீட்டார் ஒரு பாட்டில் ஜின் கொண்டுவந்து வீட்டிலேயே இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்வார்கள். ஜனவரியில் வறட்டுக் காற்று அடிக்கும்போது தோட்டக்காரர்கள் இரண்டு பாட்டில் கொண்டுவந்து, சும்மா வந்து தக்காளிக்கு நடுவில் உட்காரச் சொல்வார்கள். உள்ளூர்ப் பந்தாட்டக்காரர்கள் ஒரு முறை அவரை எதிரணி கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி நான்கு கோல் வாங்கினான். சார்போங் ஜின்னை வாங்கிக்கொள்வார், மழையை மட்டும் நம்பமாட்டார். ஆறு வருஷம் இப்படிப் போனது. அந்த ஆறு வருஷத்தில் அவர் ஒரு சாவுக்கும் போனதில்லை. போகாததில் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றார். இருக்கிறவன் மூஞ்சியையே பார்க்கப் பிடிக்கவில்லை, போனவனை எதற்குப் பார்ப்பது என்றார்.

பிறகு அவருடைய அக்கா அபேனா செர்வா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எழுபத்தெட்டு வயது. அவரை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் அவள்தான். உடலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமையைக் குறித்தார்கள். குடும்பத் தலைவர் சார்போங். முன் வரிசையில் முதல் நாற்காலி குடும்பத் தலைவருடையது. வருகிறவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து முதலில் அவர் கையைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் கையை. அந்தக் கை இல்லாவிட்டால் இறந்தவளுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். குடும்பம் கூடி உட்கார்ந்தது. சித்தி மகள் யா மான்சாதான் ஆரம்பித்தாள். அவளுக்கு நாக்கில் எலும்பும் இல்லை, தோலும் இல்லை.

"யாவ் அண்ணே, கோச்சுக்காதீங்க. நானூறு பேர் வராங்க. நீங்க வந்தா நானூறு பேரும் குளிச்சிட்டுத்தான் போவாங்க."

"எங்க அக்கா சாவுக்கு நான் வராம? முன் நாற்காலியில யாரை வைப்பே, உன் புருஷனையா?"

"என் புருஷன் உட்கார்ந்தா மழை வராது. கொறட்டைதான் வரும்."

"அப்ப நான்தான்."

"பக்கத்து ஊர்த் தக்காளித் தோட்டத்துல கேட்டிருக்காங்கண்ணே. ரெண்டு பாட்டில். அன்னிக்கு மட்டும் அங்க போய் உட்காருங்களேன்."

"அக்காவப் புதைக்கிற அன்னிக்கு நான் தக்காளிக்குத் தண்ணி ஊத்தவா?"

வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்றார் சார்போங். வியாழன் பூமித் தாயின் நாள், அன்று மண்ணைத் தோண்டக் கூடாது என்பது குடும்பத் தலைவருக்கே மறந்துபோயிற்றா என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அப்படியானால் செவ்வாய்க்கிழமை என்றார். செவ்வாய்க்கிழமை குமாசியிலிருந்து யார் வருவார், பிணம் மட்டும்தான் வரும் என்றாள் யா மான்சா. சார்போங் எழுந்து துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நான் வரத்தான் போகிறேன், முடிந்தால் தடுத்துப் பாருங்கள் என்றார். அப்போதுதான் அக்காவின் மகன் கோஜோ தொண்டையைச் செருமினான். லாரிக்கு டயர் மாற்றுகிறவன், நாற்பது வயது, அதிகம் பேசமாட்டான்.

"மாமா, அம்மா ஆஸ்பத்திரியில ஒண்ணு சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏன்டா சொல்றே?"

"நானூறு பேர் நனைவாங்களே, மாமா. நீங்க யாவ் இல்ல."

இங்கே முதல் பெயரைப் பெற்றோர் வைப்பதில்லை, பிறந்த கிழமை வைக்கிறது. வியாழனில் பிறந்த ஆண் யாவ், சனியில் பிறந்தவன் க்வாமே. சார்போங் பிறந்தது காட்டுக்குள் கோக்கோ குடிசையில். அங்கே காலண்டர் கிடையாது. அவருடைய அப்பா மரத்தில் கத்தியால் கீறிக் கிழமையை எண்ணுவார். வியாழனன்று மண்வேலை கூடாது அல்லவா, அதனால் முதுகு வலிக்கிற நாளெல்லாம் அவருக்கு வியாழக்கிழமையாக இருந்தது. சில வாரம் இரண்டு வியாழன் கூட வந்ததுண்டு. பிள்ளை பிறந்த அன்றும் அவருக்கு முதுகு வலித்தது. அபேனாவுக்கு அப்போது ஒன்பது வயது, ஊரிலிருந்து உப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். வழியில், சனிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் வெள்ளை உடுத்திப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி அவளுக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தாள். குடிசைக்கு வந்தால் தம்பி பிறந்திருந்தான், அவனுக்கு யாவ் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சனி என்று சொன்னால், அப்பா நிஜமான வியாழக்கிழமைகளில் எல்லாம் மண்ணைத் தோண்டியிருக்கிறார் என்பது வெளியே வந்துவிடும், பூமிக்கு ஆடு அறுக்க வேண்டும். அவரிடம் ஆடு இல்லை, பிரம்புதான் இருந்தது. அபேனா ஆரஞ்சைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அறுபத்தொன்பது வருஷம் மூடியே வைத்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தவர்களுக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. ஊர் வழக்கப்படி அவரவர் பிறந்த கிழமையில் அவரவர் உயிரைக் குளிப்பாட்ட வேண்டும்: வெள்ளைத் துணி, ஒரு பாத்திரம் தண்ணீர், மசித்த கிழங்கு, அவித்த முட்டை. சார்போங் வாழ்நாள் முழுவதும் அதை வியாழக்கிழமை செய்தார். அன்று அவருக்குள் குளிக்க ஆள் இல்லை. சனிக்கிழமை உயிர் அழுக்கோடு கிடந்தது. வானம் எவ்வளவு நாள்தான் பார்த்துக்கொண்டிருக்கும்?

சார்போங் இதையும் நம்பமாட்டார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். காய்ச்சலில் அக்கா உளறியிருப்பாள் என்று அவரும் ஆரம்பித்தார். ஆனால் அப்பாவின் முதுகைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் அப்பாவின் சோம்பல்.

"சனிக்கிழமை குளிப்பாட்டினா மழை நின்னுடுமா?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் யா மான்சா.

"பின்ன எதுக்கு?"

"முட்டை கிடைக்கும்ல அண்ணே."

உயிரைக் குளிப்பாட்டுகிற நாளில் துக்கம் கூடாது, வெள்ளைதான் உடுத்த வேண்டும். சாவில் சிவப்பும் கறுப்பும்தான், வெள்ளை உடுத்த முடியாது. அதனால் சடங்குக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வைத்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு அவர் வெள்ளைத் துணியோடு முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்கள். இத்தனை மழைக்கு நடுவில் இதை வேறு ஊற்ற வேண்டுமா என்று அவர் அதைக் காலால் தள்ளிவிட்டார். வானத்தை நிமிர்ந்து பார்த்து, குளிப்பாட்டத்தான் வந்தாய் என்றால் ஒழுங்காகக் குளிப்பாட்டு, காதுக்குப் பின்னால் விட்டுவிடாதே என்றார். மழை பெய்தது. முதல் முட்டையைத் தின்றபோது அது ஒரு முற்றம் அளவுக்குச் சுருங்கியது. மத்தியானம் கிழங்கு தின்று முடித்தபோது ஒரு பாய் அளவாயிற்று. நாலு மணிக்கு ஒரு முறம் அளவுக்கு வந்து நின்றது. அடுத்த சனிக்கிழமை சரியாக ஒரு நாற்காலி அகலத்தில் மழை வந்தது. கோஜோ கயிறு போட்டு அளந்தான். நிற்கவே நிற்காது போலிருக்கிறதே, பன்னிரண்டு முட்டை வீண் என்றார் சார்போங். நாற்காலியோடு நிற்கிறதே, போதாதா என்றது குடும்பம்.

சடங்கன்று வெயில் சுள்ளென்று அடித்தது. அக்காவைக் காலையிலேயே புதைத்துவிட்டு வந்தார்கள். பத்துப் பந்தல், நானூறுக்கும் மேல் ஆட்கள், எல்லாரும் சிவப்பும் கறுப்பும். முதல் நாற்காலியைப் பந்தலுக்கு ஒரு முழம் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். பந்தல் துணி நனைந்து வீணாகக் கூடாது என்பதற்காக. சார்போங் கருஞ்சிவப்புத் துணியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து மணிக்கு அவர் மழை வந்தது, அவர் மேல் மட்டும் பெய்தது. வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் வந்து மழைக்குள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார்கள், மணிக்கட்டு வரை நனைந்தார்கள். உதறிவிட்டு அடுத்தவர் கைக்குப் போனார்கள். அப்படியே வரிசை முழுக்க எல்லார் கையும் ஈரமாயிற்று, யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் ஒரு கையையும் விடவில்லை. முன்னே தன்னை லாரியிலிருந்து இறக்கிவிட்ட டிரைவர் வந்தபோது கொஞ்சம் அழுத்திப் பிடித்தார், அவ்வளவுதான்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அபேனா செர்வாவோடு குமாசிச் சந்தையில் வெங்காயம் விற்ற ஒருத்தி வந்தாள். விஷயம் தெரியாதவள். மழையில் கிழவரைத் தனியாக உட்காரவைத்திருக்கிறார்களே என்று பதறிக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"குடையை மடக்கும்மா," என்றார் சார்போங். "இது எனக்கு வர்றது."

அவள் மடக்கினாள். அவர் கையைப் பிடித்து, உன் அக்கா நிறுவையில் ஏமாற்றமாட்டாள் என்று சொன்னாள். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். அங்கே யா மான்சாவின் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார்.