நெளிவு

வெள்ளிக்கிழமையோடு சூடாமணிக்குப் பணி ஓய்வு. புதன்கிழமை மத்தியானம், கரமனை வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தில் முதல் கவளத்தை அவள் எடுக்கும்போது ஜெஸி வந்து நின்றாள். அந்த வளிமண்டல ஆய்வு நிலையத்துக்கு ஜெஸி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பாறசாலைக்காரி, மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

"சேச்சி வரைஞ்ச கிராஃப் ஷீட்டெல்லாம் நோக்கியாச்சு. பன்னெண்டு வருசம், ஒரு கோட்டிலயும் நெளிவே இல்ல கேட்டியளா. அதான் நம்ம பொன்முடி மலைக்கு மேல அலை கம்மின்னு கம்ப்யூட்டர் மாடல்ல போட்டேன். நாளைக்கு ரன் பண்ணணும்."

"என்ன அலைடி அது?"

ஜெஸி கையை அசைத்துக் காட்டினாள். காற்று மலையில் முட்டி மேலே எழும்பும், பூமி இழுக்கக் கீழே இறங்கும், மறுபடி எழும்பும். அந்த ஆட்டம் அலை அலையாக ஏறி, வெகு உயரத்தில் உடைந்து, அங்குள்ள காற்றோட்டத்தையே இழுத்துப் பிடிக்கும். பருவகாலத்தைக் கணிக்கும் மாடல் பூமியை நூறு நூறு கிலோமீட்டர் கட்டமாகப் பார்ப்பதால் இந்தச் சின்ன அலைகள் அதன் கண்ணில் படாது. மேலே விடும் பலூன் அளந்த வெப்பநிலைக் கோட்டில் அவை நெளிவாகத் தெரியும். அதைப் பார்த்து நாம்தான் மாடலுக்குச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் அது தப்பான பருவகாலத்தைக் காட்டும்.

சூடாமணி எடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் பன்னிரண்டு வருஷம், பலூன் அனுப்பும் எண்களைத் தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுப்பதுதான் அவள் வேலை. நடுநடுவே கோடு நெளியும். கருவியின் கோளாறு என்று நினைத்து, அந்தப் புள்ளிகளை அழித்து நேராக்கினாள். யாரும் சொல்லித் தரவில்லை. கோணலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. 'சூடாமணி கோடு மாதிரி' என்று ஆபீஸில் ஒரு பேச்சே உண்டு. வெள்ளிக்கிழமை மாலை போடும்போதும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். எண்கள் எழுதிய நோட்டுகளைக் கரையான் தின்று எத்தனையோ வருஷமாகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்கும் தெரியாது. அப்படி ஒரு கணம் நினைத்துவிட்டதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

"ரன் பண்ணாதேடி," என்றாள். "நெளிவு இருந்துது. மெஷின் நடுங்கறதுன்னு நேக்குத் தோணித்து. நான்தான் அழிச்சுட்டேன்."

ஜெஸி பன்னிரண்டு வருஷத்துத் தாள்கட்டுகளையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "எல்லாத்துலயுமா, சேச்சி?"

சூடாமணி கையைக் கழுவிவிட்டு வந்தாள். முதல் வருஷத்துத் தாள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். அழுத்தி எழுதுகிற கை. பென்சில் கறை போயும் தடம் போகவில்லை. தாளின் மேல்பாதியில் சின்னச் சின்னப் பள்ளமாகக் கோடு நெளிந்து நெளிந்து ஏறியது. ஜெஸி மூச்சுவிடாமல் குனிந்து பார்த்தாள்.

"கிட்டும் சேச்சி! இதுல எல்லாமே கிட்டும்!"

சூடாமணி அடுத்த வருஷத்துத் தாளை எடுத்தாள். சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். அந்த இரண்டாம் வருஷத்துக்குள் கை பழகிவிட்டிருந்தது. விலகி நிற்கும் புள்ளிகளை அழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தாளில் வைத்தால்தானே அழிக்க. மீதிப் பத்து வருஷத்துக் கட்டும் மேஜைமேல் இருந்தது. அவள் பிடித்திருந்த தாளில் வெயில் எங்கும் தடுக்காமல் வழுவழுவென்று கிடந்தது.