ஜில்வான் அலை

எங்கள் சம்பா பள்ளியில் கொலை செய்தவனைக்கூட மன்னித்துவிடுவோம். தாளத்தில் குறுக்கே போனவனை மன்னிக்க மாட்டோம். தம்போரிம் என்ற கையகல மேளத்தை எழுபது பேர் ஒன்றாகக் குச்சியால் அடிக்கும்போது ஒருவனுடைய அடி மட்டும் தள்ளி விழுந்தால், அதுதான் குறுக்கே போவது. கார்னிவல் ஊர்வலத்தில் ஆட்டமும் மேளமுமாகப் போட்டி போடும் சம்பா பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் நடுவர்கள் அதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஜில்வான் குறுக்கே போனான். தம்போரிம் வரிசையின் தலைவி நான். விசில் ஊதி அவனை வெளியே அனுப்பினேன். ரோஷக்காரன், லிஸ்பனுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பாட்டுப் பதிவிலும் குறுக்கே போனான். தயாரிப்பாளர் எழுந்து நின்று கைதட்டினாராம், இதுதான் அசல் பிரேசில் என்று. பிறகென்ன? பாரிஸ், டோக்கியோ, நியூயார்க். யார் பாட்டுக்குப் பிரேசில் வாசனை வேண்டுமானாலும் ஜில்வானைக் கூப்பிட்டார்கள். நான் துரத்திவிட்ட பிழைக்கு 'ஜில்வான் அலை' என்று பெயர் வைத்து வகுப்பெடுத்தார்கள். எனக்கு வயிறெரிந்தது, மறைப்பானேன்?

போன அக்டோபரில் நரைத்த தலையோடு வந்து நின்றான்.

"ஒரே ஒரு தடவை ஊர்வலத்துல நம்ம வரிசையில அடிக்கணும் ஜுரேமா. வேற எதுவும் வேணாம்."

"உலகம் சுத்தின பெரிய மனுஷனுக்கு இந்தக் குன்றுமேட்டுச் சேரியில என்னடா வேலை?"

"அங்க எல்லாரும் கை தட்டுறாங்க. சரியா அடிச்சேனான்னு சொல்லத்தான் ஒரு ஆள் இல்ல."

எல்லோருக்கும் வைக்கும் தேர்வை அவனுக்கும் வைத்தேன். மூன்று முறை குறுக்கே போனான். பள்ளியே சிரித்தது. அவன் அசரவில்லை. அக்கா வீட்டு அடுப்படியில், கறுப்பு பீன்ஸ் வேகும் வரை தட்டிக்கொண்டே இருப்பானாம். ஜனவரியில் நான்காவது முறை வந்து மயிரிழை பிசகாமல் அடித்தான். ஊர்வலத்துக்கான அன்னாசிப்பழத் தொப்பியை நானே அவன் தலையில் வைத்தேன். ஐம்பது வயது ஆள் தேம்பி அழுதான்.

ஊர்வலத்தில், நடுவர்களுக்கு நேர் எதிரே எல்லா மேளமும் சட்டென்று நின்று, தம்போரிம்கள் மட்டும் முதலில் தொடங்க வேண்டும். இவன் எங்கே சொதப்பிவிடுவானோ என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு தட்டு தள்ளித் தொடங்கினேன். தலைவி தொடங்கினால் வரிசையும் தொடங்கும். எல்லோரும் என் பிழையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற மேளங்களும் அதையே பிடித்துக்கொண்டன. வரிசைக் கடைசியில் நின்ற ஜில்வான் ஒருவன்தான் சரியாக அடித்தான்.

தம்போரிம் வரிசையில் கடைசி ஆள் குறுக்கே போனார் என்று நடுவர் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்.

பள்ளிக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். "அவன் இல்ல. நான்தான் குறுக்கே போனேன்."

"சிநேகிதனுக்காகப் பொய் சொல்லாத ஜுரேமா," என்றார் பள்ளித் தலைவர். "அது ஜில்வான் அலைன்னு டோக்கியோவுல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜில்வான் என்னை மட்டும் பார்த்தான்.

"நீ சொல்லு. சரியா அடிச்சேனா?"

"சரியாத்தான்டா அடிச்சே." மறுநாள் அவன் விமானம் ஏறினான்.

போன வாரம் பெர்லினிலிருந்து போன். பதிவுக்கூடத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்களாம்.

"அலை வேணுங்கிறாங்க ஜுரேமா. என்ன பண்ணாலும் சரியாவே விழுது. அன்னைக்கு நீ எப்படி அடிச்சே? கொஞ்சம் அடிச்சுக் காட்டேன்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு மேளத்தை எடுத்தேன். கடவுளே, முதல் தடவையிலேயே வந்துவிட்டது.