சாளரத்தோரச் சிறுமி

முன்பகல் பத்து மணி. விடியும் வரை பெய்து ஓய்ந்த மழையின் ஈரம், கல் பாவிய நடைவழிகளில் உடைந்த கண்ணாடித் துண்டுகளாய்க் கிடக்க, அவற்றில் தெரிந்த வானத்தை மிதித்துக் கலைத்தபடி மாணவர் கூட்டம் வகுப்புகளை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. நூலகத்தின் உயர்ந்த தூண்களுக்கும் வேதியியல் கூடத்தின் கறைபடிந்த சுவருக்கும் நடுவே, கூட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்பவள்போல் அமைந்திருந்தது அப்பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடம். உள்ளே ஐந்து அறைகள். முதலறையின் குளிர்ச்சியில் நுழைந்து ஐந்தாம் அறையின் வெயிலில் வெளியேறுவோர் யாவரும், பேசிக்கொண்டு வந்தவராயினும், தாமறியாமலே குரல் தாழ்த்திச் செல்வர்.

படிப்பவரே, அவ்வறைகளுள் மூன்றாவதற்குப் பதினெட்டு ஆண்டுகளாய்க் காவல் இருந்தவளைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுந்தோம். ஐம்பத்தாறு வயது, நரைத்த கூந்தலை இறுக முடிந்து, சாம்பல் நிறச் சீருடை உடுத்து, சுவரோரம் ஒரு மர நாற்காலியில் அமர்ந்திருப்பாள். எவரேனும் ஓவியத்தைத் தொடக் கை நீட்டினால், அதட்டமாட்டாள்; மெல்ல இருமுவாள். அவ்வளவே. நீண்ட கை, சூடுபட்டதுபோல் மீண்டுவிடும். அதனால் உடன் பணிபுரிவோர் அவளுக்கு இட்ட பெயர் இருமலக்கா. அப்பெயரில் அவளுக்கு வருத்தமுமில்லை, பெருமையுமில்லை.

அவளுடைய அறையின் பெருஞ்சுவரை ஒரே ஓவியம் ஆண்டது. கலங்கிய ஆறு, அதில் ஓர் ஓடம். ஓடத்தின் ஒரு முனையில் பச்சை ஆடை அணிந்த சிறுமி மடியில் வெறுங்கூடு ஒன்றை வைத்து அமர்ந்திருக்க, மறுமுனையில் ஓடக்காரன் நமக்கு முதுகு காட்டிக் கழி ஊன்றி நின்றான். சிறுமி இருந்தது வலப்பக்கம். அறையின் ஒரே சாளரமும் அப்பக்கமே. மாலை வெயில் சாய்ந்து வரும்போதெல்லாம் முதலில் அவள் முகத்தைத் தொட்டு, பின்னரே ஆற்றில் இறங்கும்.

அவ்வாண்டு 'நீர்வழிகள்' எனும் பெயரில் புதிய காட்சி தொடங்கியபோது, செவிக்கருவிகள் வந்து சேர்ந்தன. உள்ளங்கை அளவுள்ள கறுப்புப் பெட்டி. ஓவியத்தின் கீழுள்ள எண்ணை அழுத்தினால், காதுக்குள் ஒரு பெண்குரல் தேனொழுகப் பேசும். இருமலக்காவும் ஒருநாள், திறப்பதற்கு முன் தனித்திருந்த பொழுதில், அதைக் காதில் பொருத்தி, தன் அறை ஓவியத்துக்குரிய பன்னிரண்டாம் எண்ணை அழுத்தினாள்.

"உங்கள் இடப்பக்கம் பாருங்கள்," என்றது குரல். "பச்சை ஆடைச் சிறுமியின் கண்கள், வலப்பக்கம் நிற்கும் ஓடக்காரனின் முதுகில் பதிந்திருக்கின்றன."

அவள் இடப்பக்கம் பார்த்தாள். ஓடக்காரன் நின்றான். மீண்டும் அழுத்தினாள், குரல் மாறவில்லை, ஓவியமும் மாறவில்லை. குரலில் பிழை நேர்ந்திருக்கிறது, வருவோர் சொல்லிவிடுவர் என்று எண்ணி இருக்கைக்கு மீண்டாள்.

ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. நாளொன்றுக்கு நூறு பேர் வந்தனர். குரல் 'இடப்பக்கம்' என்றதும் ஒரு கணம் இமை தாழ்த்தி, தலையை இடம் சாய்த்து, பிறகு கண்ணை வலப்பக்கம் நகர்த்திச் சிறுமியைக் கண்டுபிடித்து, நிறைவோடு தலையசைத்துச் சென்றனர். சிலர் நெற்றி சுருக்கினர். தம் பிழையென எண்ணி நாணி, அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்தனர். காது கேட்டதைக் கண் திருத்துவதற்கு மாறாக, கண் கண்டதைக் காது திருத்திக்கொண்டிருந்தது. இதனைக் காணக் காண அவளுக்குத் தலை சுற்றியது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கருவி பொருத்தி நின்ற மாணவி ஒருத்தியிடம் கேட்டாள்:

"ஏம்மா, அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் இருக்கா?"

"லெஃப்ட்ல, ஆன்ட்டி," என்றாள் மாணவி, வலப்பக்கம் பார்த்தபடியே. "ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

அக்கேள்வி முள்ளாய்த் தைத்தது. ஏனெனில் இருமலக்காவின் தாய், இறுதிக் காலத்தில் திசை மறந்தவள். அடுக்களையைத் தேடி வாசலுக்கும், வாசலைத் தேடிக் கொல்லைக்கும் போனவளை, பின்புற அறையொன்றில் இருத்தி வெளியே தாழிட்டார்கள். அவ்வறையில்தான் இப்போது, தம்பியின் வீட்டில், இருமலக்கா உறங்கிவந்தாள். தாழ்ப்பாள் இன்னும் வெளிப்புறத்திலேயே இருந்தது. அதனைக் கழற்ற எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

அன்று மாலை வீடு சேர்ந்தபோது, தம்பி மனைவி வாயிலிலேயே சிரித்தாள். "அண்ணி, செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. பஸ்ல ஒருத்தரும் சொல்லலையா?"

"அக்காவுக்கு அம்மா சாயல்னு நான் எப்பவோ சொன்னேனே," என்றான் தம்பி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளையாட்டாய்ச் சொன்னதுதான். ஆனால் அன்று அவளுக்கு உணவு இறங்கவில்லை.

மறுநாள் துணிந்து காப்பாளரின் அறைக்குச் சென்றாள். காட்சிகளைத் தேர்ந்து, அடுக்கி, உரை எழுதுபவர் அவரே. கணினியின் முன் அமர்ந்தபடி ஓவியங்களோடு வாழ்பவர். மூன்றாம் அறைக்கு அவர் கடைசியாக வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"சார், பன்னெண்டாம் நம்பர்ல மாத்திச் சொல்லுது. பொண்ணு ஜன்னல் பக்கம் இருக்கா. மெஷின் அந்தாண்ட பக்கம்னு சொல்லுது."

"படத்துல ஜன்னலே கிடையாதேம்மா."

"படத்துல இல்ல சார், ரூம்ல."

அவர் புன்னகைத்தார். "நீங்க சுவர் பக்கம் முதுகு வச்சு, வர்றவங்களைப் பாத்து உக்காந்திருக்கீங்க இல்லையா? அவங்களுக்கு இடது உங்களுக்கு வலது. அதான் குழம்புது. சரி, இங்க வாங்க." கணினித்திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க."

திரையில் அதே ஆறு, அதே ஓடம். சிறுமியோ இடப்பக்கம் இருந்தாள்.

ஆற்றின் நடுவே கால் தவறியவளுக்குத் தரை விலகுவதுபோல், அவளுக்கு அக்கணம் எல்லாம் விலகிற்று. மேசையைப் பற்றிக்கொண்டாள். பதினெட்டு ஆண்டுகள் நாளும் கண்ட முகம், எந்தப் பக்கமென அறியாத முகமாயிற்று. அறைக்கு விரைந்து மீண்டாள். சிறுமி வலப்பக்கம் இருந்தாள். சாளரத்தைத் தொட்டாள். தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள்; இதுதானா வலக்கை என்று ஐயுற்று, உணவு உண்ணும் கை எதுவென நினைவுகூர்ந்து உறுதி செய்தாள். அடுத்த நொடி அவ்வுறுதியும் ஆடிற்று.

மூன்றாம் நாள் காப்பாளரே அழைத்தார். அவர் கொடியவரல்லர், குரலில் இரக்கம் இருந்தது, அவ்விரக்கமே அவளை அச்சுறுத்திற்று. "இந்த மாசக் கடைசியில உங்க வேலையைப் புதுப்பிக்கணும். அதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்து ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க. பயப்படாதீங்க, வயசானா இதெல்லாம் வர்றதுதான். நான் ஒரு வரி எழுதித் தர்றேன்."

அவ்வொரு வரி என்னவாயிருக்கும் என்பதை அவள் அறிவாள். இடம் வலம் தெரியாத காவற்பெண் என்பது எழுத்தில் ஏறிவிட்டால், மர நாற்காலியும் போகும். பின்புற அறையின் தாழ்ப்பாள் அசையத் தொடங்கும். இருமல் வந்தது, அதனை அடக்கிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக மேலதிகாரியிடம் ஒன்று கேட்டாள்.

"டாக்டர்கிட்ட போறேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து, அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னு கையைக் காட்டிட்டுப் போங்க. அது போதும்."

"இப்பவா? எனக்கு மீட்டிங் இருக்கும்மா."

"நாப்பது அடி தூரம்தான் சார். நான் எண்ணியிருக்கேன்."

அவர் பெருமூச்செறிந்து எழுந்தார். மூன்றாம் அறையில், ஓவியத்தின் முன் நின்று, செவிக்கருவியைப் பொருத்திப் பன்னிரண்டை அழுத்தினார். தாம் எழுதிய சொற்களே தேனாய் ஒழுகக் கேட்டு, கண்ணை இங்குமங்கும் ஓடவிட்டு, தலையசைத்தார். "சரியாத்தானே சொல்லுது."

அவள் முகம் வெளிறிற்று. எனினும் நா எழுந்தது. "அதைக் கழட்டிட்டுக் கையால காட்டுங்க சார்."

சிறுபிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்குபவர்போல் அவர் கருவியைக் கழற்றினார். இடக்கையை உயர்த்தி, "இதோ, பச்சை டிரஸ்" என்று சுட்டினார். சுட்டிய விரலின் நேரே ஓடக்காரனின் வெற்று முதுகு இருந்தது. கை அந்தரத்தில் நின்றது. விரலைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். பிறகு, சாளரத்தோரம் அமர்ந்திருந்த சிறுமியைக் கண்டார்.

"யாராவது படத்தைத் திருப்பி மாட்டிட்டாங்களா?" என்றார், அவர் குரல் சிறுத்திருந்தது.

"திருப்பினா பின்பக்கத் துணிதானே சார் தெரியும்?" என்றாள் அவள்.

கணினிப் பணியாளன் வரவழைக்கப்பட்டான். அவனும் கையில் கொணர்ந்த திரையையும் சுவரையும் மாறி மாறி நோக்க, சற்று நேரம் மூவருமே எது இடம் எது வலம் என்று விளங்காமல் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றனர். முடிவில் அவன் படத்தின் கீழ்மூலையைப் பெரிதாக்கினான். "கையெழுத்தைப் பாருங்க சார், கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு. ஓவியத்தை ஃபோட்டோ எடுத்த பழைய ஃபிலிமை யாரோ திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணியிருக்காங்க. நீங்க இதைப் பாத்துதானே எழுதினீங்க?"

காப்பாளர், மருத்துவருக்கென எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த தாளை எடுத்து நான்காய்க் கிழித்தார். "மன்னிச்சிருங்கம்மா," என்றார், ஓவியத்தைப் பார்த்தபடி.

குரல் தந்த பெண் வெளியூர் சென்றிருந்ததால், புதிய பதிவு வர ஒரு மாதமாயிற்று. அம்மாதம் முழுதும், இருமலன்றி வேறு பேச்சறியாதவள், ஓவியத்தருகே நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "இங்க மட்டும் மெஷினைக் கழட்டிடுங்க. பொண்ணு ஜன்னல் பக்கம் இருக்கா."

"மெஷின்ல லெஃப்ட்னு சொல்லுதேம்மா?" என்று வழக்காடினர் சிலர்.

"மெஷின் படத்தைப் பாக்கலீங்க. நீங்க பாக்குறீங்க."

சிலர் சிரித்தனர்; சிலர் அவள் சொல்லைவிடக் குரலையே நம்பிக் கருவியைக் கழற்றாமல் கடந்தனர். பின்னர்ப் பதிவு திருந்திற்று. அவள் வேலையும் புதுப்பிக்கப்பட்டது. எல்லாம் முன்போல் ஆயின என்று காப்பாளர் நம்பினார்.

ஆனால், படிப்பவரே, முன்போல் ஆகாதது ஒன்றுண்டு. தான் சரியெனத் தெரிந்த பின்னும் அவள் நெஞ்சில் நுழைந்த ஐயம் வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. பலர் சேர்ந்து ஒருவர் கண்ணைப் பறித்துவிட்டு, பிழை உணர்ந்து திருப்பித் தரலாம். திரும்பி வந்த கண், பறிபோன கண்ணன்று. நாள்தோறும் காலையில், கதவுகள் திறப்பதற்குக் கால்மணி முன்னதாக அவள் வந்துவிடுகிறாள். விளக்கேற்றாத அறையில், வெளுத்த ஒளியில், ஓவியத்தின் முன் நிற்கிறாள். மெல்ல வலக்கையை உயர்த்தி, சிறுமி அங்கேதான் இருக்கிறாள் என்று கண்டு, கையைத் தாழ்த்துகிறாள். பிறகு, போதாதென்று, இன்னொரு முறை உயர்த்துகிறாள்.