பதினெட்டுக்குக் கீழே யாருமில்லை

இரண்டாயிரத்து இருபத்தொன்று புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, பல்லடம் ரோட்டில் இருக்கும் சாமியப்பனின் பனியன் கம்பெனி ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பதினாறு வயது வேல்விழி மறைந்துபோனாள். எழுந்து போகவில்லை, ஓடிப்போகவில்லை. உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே யார் கண்ணுக்கும் தெரியாமல் போனாள், அவ்வளவுதான். அவள் கையிலிருந்த டீ கப் மட்டும் அந்தரத்தில் நின்றது. நூல் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த நேரம். சாமியப்பனுக்கு ஒரு பிள்ளை மறைவதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. கப்பைப் பார்த்தார். “லேப்டாப்புல கொட்டீராதீங்க கண்ணு” என்றார். மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

வேல்விழி அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் முதலாளி. கொரோனாவில் பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்ட காலத்தில், பாடத்தைத் தவிர மற்றதையெல்லாம் அந்தப் போனிலேயே படித்து வெப்சைட் போடக் கற்றுக்கொண்டாள். அம்மா மூக்கம்மாளின் தீபாவளி போனஸில் ஒரு பழைய லேப்டாப் வந்தது. ஒரு பக்கம் மூடி உடைந்தது, மாவாட்டுகிற சத்தம் போடுவது. ‘வேல்விழி வெப் டிசைனிங், புரொப்ரைட்டர் கா. வேல்விழி’ என்று நூறு விசிட்டிங் கார்டு அடித்தாள். அந்தக் ‘கா’வுக்குச் சொந்தக்காரரான அப்பா காசிமாயன் உசிலம்பட்டியிலேயே தங்கிவிட்டார், அது வேறு கதை. மூக்கம்மாள் சாமியப்பன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங். அதாவது தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்துப்போட்டு ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை, காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே. செக்கிங் மேஜைக்கு நேர் மேலே, மாடியில், ஆபீசின் கண்ணாடி ரூம். கீழே வேலை செய்கிறவர்கள் யாரும் அந்த ரூமில் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. வேல்விழி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதை அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டும். “பதினோரு மணிக்கு மேல பாரும்மா” என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். மூக்கம்மாள் பார்த்தாள். காலி நாற்காலியும், காற்றில் ஒரு கப்பும் தெரிந்தன.

காரணம் ஒரு வரி. பனியன் வாங்குகிற டென்மார்க் பையர் ஒருவர், கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று கேட்டிருந்தார், அந்த வேலைதான் வேல்விழிக்கு வந்தது. என்னென்ன போட வேண்டும் என்று, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அருள்செல்வன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். எங்களிடம் இத்தனை மெஷின், இத்தனை கலர், தண்ணீரை இப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று போய், கடைசி வரி: ‘எங்கள் கம்பெனியில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருமில்லை.’ இந்த வரி இல்லாத கம்பெனி வெப்சைட் திருப்பூரில் உண்டா? எல்லோரும் போடுகிறார்கள், சுவரில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதுகிற மாதிரி. அது பாட்டுக்குக் கிடக்கும். வேல்விழி டைப் அடித்தால் மட்டும் அது அப்படியே நடந்தது, அன்று ஆபீசில் அதை அடித்து முடித்த நொடியிலேயே மறைந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சில பேருக்குக் கைராசி அப்படி.

அவள் அலறிப்பார்த்தாள், யாருக்கும் கேட்கவில்லை. படியிறங்கி ஓடி அம்மா முன்னால் நின்றாள். மூக்கம்மாள் மகளுக்குள்ளேயே கையை விட்டு அடுத்த பனியனை எடுத்தாள். அப்போது மேஜைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “அக்கா, உங்களையும் மறைச்சிட்டாங்களா?”

ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளை, முத்துப்பேச்சி. வயது பதிமூன்று. மூக்கம்மாளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஆபீசுக்கு டீ கொண்டுபோவதும் அவள்தான். அவளையும் சேர்த்து அந்தக் கம்பெனியில் பதினெட்டுக்குக் கீழே பதினான்கு பேர் இருந்தார்கள். மறைந்தவர்களுக்கு மறைந்தவர்கள் தெரிந்தார்கள். வேலை ஒன்றும் நிற்கவில்லை. பிசிறு தானாக வெட்டுப்பட்டது, பனியன் தானாக மடிந்து அடுக்காயிற்று, டீ கப்புகள் வரிசையாக மாடிப்படி ஏறின. சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் அவரவர் உடம்பு அவரவருக்குத் திரும்பிவந்தது, தலைமுடியெல்லாம் பஞ்சோடு.

அடுத்த மாதம் ஆடிட் வந்தது, அதாவது பையர் அனுப்புகிற ஆள் வந்து கம்பெனியைச் சோதிப்பது. முன்பெல்லாம் ஆடிட் என்றால் பிள்ளைகளைப் பின் கேட் வழியாகச் சந்துக்கு விரட்டுவார்கள், ஆடிட்டர் காரேறும்வரை அங்கே குத்தவைத்துக் கிடக்க வேண்டும். இந்த முறை யாரும் அசையவில்லை. வெள்ளைக்கார ஆடிட்டர் மேஜை மேஜையாகப் பார்த்தார். அந்தரத்தில் கத்தரி ஓடுவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்துவிட்டு, ‘ஆட்டோமேஷன் சிறப்பு’ என்று எழுதிக்கொண்டு போனார். அப்புறம் கேட்க வேண்டுமா! “அந்தப் புள்ள போட்ட சைட்டு பொய்யே சொல்றதில்லீங்க” என்று பேச்சு பரவியது. குன்னத்தூரிலிருந்து வந்தார்கள், வெள்ளகோவிலிலிருந்து வந்தார்கள். சைட் போட்ட கம்பெனிக்குள் போனால் மறைந்துவிடுவாள் என்பதால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கரியில் ஓர் ஓர மேஜைதான் வேல்விழியின் ஆபீஸ். கார் வைத்திருக்கிறவர்களெல்லாம் அந்த ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, பப்ஸ் தின்றுகொண்டு, பதினாறு வயதுப் பெண்ணை “வாங்க, போங்க” என்று பேசினார்கள். எந்த டிசைன், என்ன கலர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. “அந்த வரி இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார்கள். நாலே மாதத்தில் நாற்பத்துமூன்று கம்பெனி. நாற்பத்துமூன்று கம்பெனியிலும் பிள்ளைகளை இன்னும் நாலு நாலு பேராகச் சேர்த்துக்கொண்டார்கள், கண்ணுக்குத் தெரியாததற்கு என்ன பயம்? வெட்கங்கெட்ட வேலை. அது வேல்விழிக்குத் தெரியும், நன்றாகவே தெரியும்.

வேலை விட்டதும் பேச்சி பேக்கரிக்கு வருவாள். தேங்காய் பன்னைப் பிய்த்து, தேங்காயை முதலில் தின்றுவிட்டு, வெறும் பன்னைக் கடைசியில் தின்பாள். “அக்கா, அந்த வரிய எடுத்துருங்கக்கா” என்றாள் ஒருநாள். “அடுத்த வருசம் என்னை ஓவர்லாக் தையல் மெஷின்ல போடுறாங்களாம். விரல்ல ஊசி ஏறுச்சுன்னா கத்துனாக்கூட யாருக்கும் கேக்காதேக்கா.” மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வேல்விழி அதை எடுத்துவிட்டாள். ரோட்டுக்கு எதிரே கம்பெனி ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் முளைத்தது பேக்கரியிலிருந்தே தெரிந்தது. சரியாகப் பதினோரு நிமிடத்தில் போன் வந்தது. சாமியப்பன் குரலை உயர்த்துகிற மனிதரே இல்லை. “ஏங்கண்ணு, அந்த வரி காணமுங்களே. உங்கம்மா பாவம், பன்னண்டு வருசமா நிக்கிறாங்க. நாளையிலிருந்து ஊட்லயே ரெஸ்ட் எடுக்கச் சொல்லீரட்டுங்களா?” இந்த ஊரில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். வேல்விழி வரியைத் திரும்பப் போட்டாள். ஜன்னலில் தலைகள் அணைந்தன.

அன்று சாயங்காலம் பேச்சியின் கையைப் பிடித்துச் சொன்னாள்: எனக்குப் பதினெட்டு ஆகட்டும். அப்புறம் எல்லாக் கம்பெனிக்குள்ளும் நான் ஆளாக நடப்பேன், யாரும் என்னை மிரட்ட முடியாது, அம்மாவையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்கிற முதல் வேலை, அந்த வரியை அழிக்கிறதுதான். பேச்சி எண்ணிப் பார்த்தாள். “இன்னும் ஒன்னரை வருசம்” என்றாள். “இருக்கலாம்க்கா.” பன்னை முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனாள். ஒன்றரை வருடம் ஓடிற்று. பேச்சி ஓவர்லாக்குக்குப் போகாமல் பிசிறிலேயே எப்படியோ காலம் தள்ளினாள். பிளஸ் டூவில் வேல்விழி நல்ல மார்க் எடுத்தாள். சைட் போட்ட கம்பெனி எழுபது ஆயிற்று.

இருபத்துமூன்றாம் வருடம் ஆனி மாதம், அவளுக்குப் பதினெட்டு முடிந்த அன்று, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்தாள். பேச்சி கேட்டுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றாள். “இன்னைக்குத்தானக்கா?” “இன்னைக்குத்தான்டி.” இரண்டு பேரும் சேர்ந்து நுழைந்தார்கள். கேட்டைத் தாண்டிய முதல் அடியிலேயே வாட்ச்மேன் வேல்விழிக்கு வணக்கம் வைத்தார். அவள் சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பேச்சி இல்லை. பிடித்திருந்த கை மட்டும் ஒரு நொடி வெதுவெதுப்பாக இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பதினெட்டு ஆனவர்களுக்கு மறைந்தவர்கள் தெரிய மாட்டார்கள் என்பதை இவள் எப்படி யோசிக்காமல் விட்டாளோ!

மாடியேறிக் கண்ணாடி ரூமில் உட்கார்ந்தாள். கீழே மூக்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த பனியன் நழுவியது. “எங்காத்தா! எம்புள்ளடி அது!” என்று அவள் போட்ட சத்தத்தில் மொத்த செக்கிங்கும் மேலே பார்த்தது. வேல்விழி அழுதாள், மூக்கம்மாளும் அழுதாள். சாமியப்பன் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். “உங்கம்மாவ இன்னியிலிருந்து சூப்பர்வைசர் ஆக்கிட்டனுங் கண்ணு. இனி நிக்க வேண்டியதில்லை” என்றார். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து செக்கிங் மேஜை ஓரத்தில் போட்டார்கள். மூக்கம்மாள் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பதினாலாவது வருடத்தில் முதல் முறையாக, கம்பெனிக்குள் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு கத்தரி வெட்டுவதை நிறுத்திவிட்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது. காத்துக்கொண்டிருந்தது.

வேல்விழி லேப்டாப்பைத் திறந்தாள். கடைசி வரிக்குப் போனாள். அழிக்கிற பட்டன்மேல் விரலை வைத்தாள். நாற்காலியில் அம்மா முதுகைச் சாய்த்துக்கொள்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இவள் விரலை எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீழே கத்தரி பகல் சாப்பாடு வரைக்கும் அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல வெட்ட ஆரம்பித்தது. கண்ணாடி ரூமே வேல்விழியின் ஆபீஸ் ஆயிற்று. அந்த மாதமே ஸ்கூட்டர் வாங்கினாள். வேலை விடுகிற சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடுவாள், கேட்டுக்கு வெளியே யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மூக்கம்மாளிடம் ஒருநாள் கேட்டாள்: “அம்மா, உன் பக்கத்துல ஒரு பிள்ளை இருக்கா, தெரியுமா?” மூக்கம்மாள் கத்தரியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “எம் பக்கத்துல யாரும் இல்லையேத்தா” என்றாள். சொல்லும்போது பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

தினமும் பதினொன்றே காலுக்கு டீ வந்தது. ஒரு கப் படியேறி வந்து, மேஜைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் மேஜையில் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் வேல்விழி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருப்பாள். கப் மிதக்கிற உயரம் வருடத்துக்கு இரண்டு விரற்கடை கூடியது. பிள்ளை வளர்கிறாள் என்று தெரிந்துகொண்டாள். கத்தரி ஒருநாள் வேறு யாருக்கோ போயிற்று. மூன்றாம் வரிசையில் ஆளில்லாத ஓவர்லாக் மெஷின் ஒன்று ஓட ஆரம்பித்தது.

போன மார்கழியில் இரண்டு நாள் டீ வரவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து வந்த ஒரு வெள்ளைப் பனியனில் ரத்தக்கறை இருந்தது. மூக்கம்மாள் அதைக் கழிவுக் கூடையில் போட்டாள். மூன்றாம் நாள் கப் வந்தது. பிடி எப்போதும் வலப்பக்கம் இருக்கும், அன்று இடப்பக்கம் இருந்தது. டீ பாதி சிந்தியிருந்தது. பேச்சியின் வலது கையில் ஊசி ஏறியிருக்கிறது என்று வேல்விழிக்கு அந்த நொடியே புரிந்தது. கத்தியிருப்பாள். இந்தக் கட்டிடமே இடிகிற மாதிரிக் கத்தியிருப்பாள். வேல்விழி லேப்டாப்பில் கடைசி வரிக்கு ஓடினாள். அதை எடுத்தால் அம்மாவின் நாற்காலி போகும், எழுபது கம்பெனி போகும். அதற்குப் பதிலாக, அதன் கீழே இன்னொரு வரி அடித்தாள்: ‘எங்கள் கம்பெனியில் இதுவரை யாருக்கும் எந்தக் காயமும் ஏற்பட்டதில்லை.’ தன் கைராசியை நம்பித்தான் அடித்தாள். சாமி கும்பிட்டுக்கொண்டே அடித்தாள்.

கீழே கழிவுக் கூடையில் கிடந்த பனியனிலிருந்து ரத்தக்கறை மறைந்தது. மூக்கம்மாள் அதை எடுத்து விரித்துப் பார்த்து, நல்ல பனியன்களோடு அடுக்கினாள். வரியைப் பார்த்த சாமியப்பன், இது நல்லாருக்குங் கண்ணு, எல்லா கம்பெனிக்கும் போட்டுருங்க என்றார். மறுநாள் பதினொன்றே காலுக்குக் கப் வந்தது. பிடி இடப்பக்கமே இருந்தது. கைராசி மறைக்கத்தான் செய்யும், ஆற்றாது. கப் மேஜைக்கு முன்னால் நிற்கவில்லை. வந்த வேகத்தில் மேஜையில் இறங்கியது. வேல்விழி பிடியை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு டீயைக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.