மாதாவை எடுத்து வந்த புதன்கிழமை

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதா சுரூபம் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். சனிக்கிழமை சாயந்திரம் மெழுகுவத்தி ஏற்றி, ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி ஒரு வீட்டிலிருந்து எடுத்துப்போய் அடுத்த வீட்டில் வைப்போம். மறு சனிக்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது, டிவி சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. சண்டை கிடையாது என்பதை மட்டும் இதுவரை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. யார் வீட்டுக்கு எந்த வாரம் என்று முறை பார்ப்பது நான். அன்பியத் தலைவி சாலம்மாள் என்றால் தெருவில் கொஞ்சம் பயம் உண்டு. அதுவும் இல்லையென்றால் இவர்கள் என் வீட்டுக்கு முதலில், உன் வீட்டுக்கு முதலில் என்று மாதாவை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

அந்த முறையை எதிர்வீட்டு ஆனந்தம்மாளுக்காக நானே மாற்றினேன். அவளுக்கு வயிற்றில் கட்டி. பாண்டி ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நானும் அவளும் ஒரே உப்பளத்தில் வருஷக்கணக்காகத் தலையில் உப்புச் சுமந்தவர்கள். உள்ளங்கால் வெடிப்புக்கு ஒரே டப்பாவில் எண்ணெய் போட்டவர்கள்.

"அக்கா, என் மொற வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்" என்றாள்.

"வாயக் கழுவுடி" என்று திட்டிவிட்டு, அந்த வாரமே மாதாவை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முறைக்கு உரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டிலில் படுத்தபடியே பார்க்கிற மாதிரி கால்மாட்டில் ஸ்டூல் போட்டு வைத்தோம். ஆனந்தம்மாள் அன்றைக்கு இரண்டு கரண்டி கஞ்சி கூடுதலாகக் குடித்தாள்.

அவளுக்கு ஒரே மகன், ஜெனிஷ். பாண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. குடித்துக் குடித்து ரோட்டில் விழுந்து கிடந்தவன். அவள் போகாத கோயில் இல்லை, நேராத நேர்ச்சை இல்லை. கடைசியில் அங்கே ஒரு சபையின் பாஸ்டர் அவனைத் தூக்கிக் கொண்டுபோய்க் குடியை நிறுத்தினார். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடியோடு சேர்த்து மாதாவையும் விட்டுவிட்டான். விக்கிரகம் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று மூன்று வருஷமாக ஆனந்தம்மாள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தாயும் பிள்ளையும் பேசுவது பஸ் ஸ்டாண்டில், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில். எனக்கு அவனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை காலையில் கஞ்சி கொண்டுபோனேன். ஆனந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாதாவ உன் வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

"ஏன்டி, இன்னிக்குச் சனிக்கெழமையா?"

"ஜெனிஷ் போன் பண்ணான். டூட்டி முடிச்சிட்டு தெனம் வந்து பாத்துக்கிறேங்கறான்."

"வரட்டும். மாதா அவனக் கடிச்சிடுவாங்களா?"

"மாதா இருந்தா அவன் வர மாட்டான் அக்கா."

வாரத்தின் நடுவில் மாதாவை எடுத்ததாக எங்கள் தெருவில் சரித்திரமே கிடையாது. அவனைத் திட்டினேன், அவன் பாஸ்டரைத் திட்டினேன், சாகக் கிடக்கிறவள் என்றும் பார்க்காமல் அவளையும் திட்டினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவங்களும் ஒரே புள்ளயப் பெத்தவங்கதானே அக்கா. கோச்சுக்க மாட்டாங்க."

பாட்டு இல்லாமல், மெழுகுவத்தி இல்லாமல், ஒரு பழைய புடவையைச் சுற்றி மாதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். எதிரே வந்தவளிடம் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கக் கொண்டுபோகிறேன் என்று பொய் சொன்னேன். திரும்பிப் போய்ச் சுவரில் இருந்த படங்களையும் கழற்றினேன். ஜெபமாலையைக் கடைசியில் அவளே கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இத மட்டுமாவது தலவாணிக்கு அடியில வச்சிக்கோடி."

"அவன் தலவாணி ஒற மாத்துவான் அக்கா."

சாயந்திரம் ஜெனிஷ் வந்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான். ஆணி மட்டும் இருந்த சுவரைப் பார்த்தான். சட்டென்று ஓடிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து அழுதான். "அம்மா, கர்த்தர் உன் கண்ணத் தொறந்துட்டாரும்மா! ஸ்தோத்திரம்!" தன்னை வரவழைக்கத்தான் அவள் மாதாவை அனுப்பினாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவள் மாதாவையே விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

நான் வாயைத் திறந்தேன். ஆனந்தம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் தலையைத் தடவி, "ஆமாம்பா" என்றாள்.

சனிக்கிழமை, இந்த வாரம் என் முறை என்று தெருவில் சொல்லி மாதாவை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் சபையில் எழுந்து சாட்சி சொல்லியிருக்கிறான். அம்மா விக்கிரகங்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள், இரட்சிக்கப்பட்டுவிட்டாள் என்று. அதை அவனே வந்து சந்தோஷமாகச் சொன்னான். அவன் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நான் அவளிடம் பாய்ந்தேன்.

"நான் சொல்லிடறேன்டி. வயிறு எரியுது எனக்கு."

"சொல்லாத அக்கா. எம்மேல சத்தியம். மூணு வருஷம் கழிச்சி எம் மடியில தல வச்சிருக்கான். போதும் எனக்கு."

அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. பெண் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். துடைத்துவிட்டான், பீத்துணி அலசினான், முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவன் இருக்கிற வரைக்கும் மாதா திரும்பி வர முடியாது. நான் காலையில் போனதும் ஆனந்தம்மாள் கேட்கிற முதல் கேள்வி, "மாதாவுக்குப் பூ வச்சியா அக்கா?" என்பதுதான். பங்குச் சாமியாரை அவன் டூட்டியில் இருக்கிற மத்தியான நேரத்தில் வரச் சொன்னேன். அவர் வந்து நோயாளிகளுக்கான எண்ணெய் பூசி, நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அழுதுகொண்டே வாங்கினாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி சாமி கும்பிட வேண்டியிருக்கிறதே என்று நானும் அழுதேன்.

சாயந்திரமானால் அவன் ஜெபம் தொடங்கிவிடும். அவளுடைய கட்டிலருகே முட்டி போட்டு, என் வீடு வரைக்கும் கேட்கிற குரலில். முதலில் சில நாள் சீக்கிரம் முடிந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போனது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வான். நோயாளியைத் தூங்க விடாமல் இதென்ன பிரசங்கம் என்று என் வீட்டில் மாதா முன்னால் உட்கார்ந்து அவனைச் சபித்திருக்கிறேன்.

அன்றைக்கும் அப்படித்தான். விளக்கு வைத்தும் குரல் ஓயவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். அவன் தலையைக் குனிந்து முட்டி போட்டுக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தான். ஆனந்தம்மாள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"டேய், நிறுத்துடா! உங்கம்மா போயிட்டாடா!" என்று கத்தினேன். அதற்குப் பிறகும் அவன் வாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் நின்றது. பெற்றவள் உயிர் போவது கூடத் தெரியாமல் அப்படி என்ன ஜெபம் என்று என் மனம் வெறுத்துப்போனது.

குளிப்பாட்டி, அவள் கையில் ஜெபமாலையைச் சுற்றினேன். வேண்டுமென்றே அவன் பார்க்கும்படி சுற்றினேன். அவன் அதைக் கழற்ற வரவில்லை. அடக்கப் பூசை முடிகிற வரைக்கும் கோயிலுக்குள் வராமல் வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றான். கல்லறையில் மட்டும் வந்து மண் போட்டான்.

அந்தச் சனிக்கிழமை மாதாவை அடுத்த வீட்டுக்கு எடுக்க வேண்டும். மத்தியானம் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெனிஷ் என் வீட்டுக்குள் வந்து நின்றான். மாதா இருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை. செத்தவளுக்குச் செய்த சத்தியம் அவளோடு போகட்டும் என்று எனக்கு வெறி வந்தது.

"டேய் ஜெனிஷ், கேட்டுக்கோ. உங்கம்மா மாதாவ வுடல."

"தெரியும் அத்தை."

துணி என் கையிலேயே நின்றது.

"சபையில சாட்சி சொல்லிட்டு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். நான் ஜெபம் பண்ணும்போது அம்மா போர்வைக்குள்ள வெரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டு இருந்துச்சு. மணி கையில இல்லன்னா ஜெபமால அப்படித்தான் சொல்லணும்னு சின்ன வயசுல எனக்குச் சொல்லிக்குடுத்ததும் அதுதானே. முன்னால மூணு, அப்பறம் அஞ்சு பத்து, ஐம்பத்து மூணு மணியும் முடிக்கட்டும்னு நான் ஆமென் சொல்லாம இழுப்பேன். நாளாக ஆக அதால முடியல, வெரல் மெதுவாயிடுச்சு. நானும் இன்னும் இழுத்தேன்."

"அப்பறம் ஏன்டா பாவி? எதிர்வூடுடா! மாதாவ எடுத்துட்டு வாங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலயா?"

"சபையில எல்லார் முன்னாடியும் எழுந்து சொல்லிட்டேனே அத்தை. பாஸ்டரே அழுதாரு. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு… என்னை ஏமாத்திட்டோம்னு அம்மா நெனச்சிக்கிட்டே போயிடுச்சு."

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. அடித்தால் தேவலை என்பது போல நின்றான். ஓங்கின கையை இறக்கினேன். தரையில் உட்கார்ந்து, ஆனந்தம்மாளுக்காகவும் அவனுக்காகவும் சேர்த்து வாய்விட்டு அழுதேன். அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"கடைசி அன்னிக்கு மூணாவது பத்துல வெரல் நின்னுடுச்சு அத்தை. களைச்சிருக்கும், திரும்ப ஆரம்பிக்கும்னு நான் பேசிக்கிட்டே இருந்தேன். நீங்க வந்து உலுக்குற வரைக்கும்."